சமையலறையும் தோட்டமும் இல்லாத வகுப்பில் உணவைப் படிப்பிப்பது எப்படி?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: கொழும்பில் ஒரு தமிழ் மொழிப் பாடசாலையில் தரம் 4 எடுக்கிறீர்கள். 38 பிள்ளைகள். அடுத்த தவணை முழுக்க, வாரம் ஒரு பாடவேளை, ‘ஆரோக்கிய உணவும் சுற்றாடலும்’ என்று அதிபர் தந்துவிட்டார். அடுப்பு இல்லை, தோட்டம் இல்லை, முற்றம் எல்லாம் சீமெந்து. உணவுப் பிரமிட் ஒன்றை வரைந்து சுவரில் ஒட்டினீர்கள். பிள்ளைகள் அதைப் பாடமாக்கித் தலைகீழாகவும் ஒப்புவிக்கிறார்கள். இடைவேளை மணி அடித்ததும் அதே ரோல்ஸ், அதே சோடா. ‘என்ன படிப்பிக்கலாம்?’ என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் பட்டது, நீங்கள் உண்மையில் கேட்பது அதுவல்ல. எல்லாம் தெரிந்த பிறகும் ஏன் சாப்பிடுகிறார்கள் இல்லை என்பதுதான் உங்கள் மனதை அரிக்கிறது. அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் 24 வருடம் மனைப்பொருளியல் படிப்பித்தவள். அதில் பாதிக்கு மேல் கொழும்பில். இடையில் சில வருடம் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளோடும் உணவு வேலை செய்திருக்கிறேன். இப்போது ஓய்வு பெற்று வெள்ளவத்தையில் இருக்கிறேன். நான் வைத்தியர் அல்ல. நீரிழிவு, அலர்ஜி, நிறை குறைவு என்று ஏதாவது உள்ள பிள்ளைக்கு என்ன கொடுக்கலாம் என்பதை நான் சொல்லக்கூடாது, நீங்களும் வகுப்பில் சொல்லக்கூடாது. அது கிளினிக்கில் பேச வேண்டியது.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். சின்னப் பிள்ளை ஒரு புதுச் சுவையை முதல் தடவையே ஏற்றுக்கொள்வது அபூர்வம். எட்டுத் தடவை, பத்துத் தடவை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து தடவைகூட அந்தச் சாப்பாட்டை வற்புறுத்தல் இல்லாமல் கண்ணால் கண்டு, மணந்து, நுனி நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் ‘சரி, இது பரவாயில்லை’ என்று வரும். இது பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விசயம். நாமோ இரண்டு தடவை வைத்துவிட்டு ‘இவனுக்குக் கீரை பிடிக்காது’ என்று முடிவு கட்டி விடுகிறோம். இரண்டாவது, தான் கைபட வெட்டிக் குழைத்ததைப் பிள்ளை வாயில் வைத்துப் பார்க்கும். மற்றவர் செய்ததை அவ்வளவு சுலபத்தில் வைக்காது. பாடசாலைச் சமையல், தோட்ட வேலைகளைப் பற்றிய ஆய்வுகளில் தெளிவாகத் தெரியும் பலன்களும் இவைதான்: ருசி பார்க்கும் துணிவு கூடுகிறது, மரக்கறிகளின் பெயரும் குணமும் தெரிகிறது. பிள்ளையின் நிறை குறைந்ததா, வீட்டுச் சாப்பாடு வருடக் கணக்கில் மாறியதா என்று கேட்டால் பலன் மங்கலாகத்தான் இருக்கிறது. ஆகவே அதிபரிடம் பெரிய வாக்குறுதி எதுவும் கொடுத்து விடாதீர்கள். தவணை முடிவில் 38 பேரில் 30 பேர் முன்பு தொடாத மூன்று சாப்பாட்டைத் தொட்டிருப்பார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அது நடக்கும்.

அதனால் என் யோசனை, பத்து வாரத்துக்குப் பத்துத் தலைப்பு வேண்டாம். மூன்று சாப்பாடு போதும். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்யுங்கள். முளைவிட்ட பயறு, அவித்த கடலை, வல்லாரைச் சம்பல். மூன்றுமே மரக்கறிச் சாப்பாடு என்பதால் வெள்ளிக்கிழமை விரதக்காரர், முஸ்லிம் பிள்ளைகள், முட்டை மீன் தொடாதவர்கள் என்று யாரையும் பிரித்து உட்கார வைக்கத் தேவையில்லை. ‘திரும்பத் திரும்பவா, அலுக்காதா?’ என்பீர்கள். அலுப்பு நமக்குத்தான் வரும். பிள்ளைகளுக்கு மூன்றாம் முறைதான் கை பழகி, அது தங்களுடைய சாப்பாடு என்ற எண்ணம் வரும்.

வல்லாரையைக் கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் கத்தியும் அடுப்பும் இல்லாமல் செய்யக்கூடியது அது. மூன்று கட்டு வல்லாரை, அரைத் தேங்காய், சின்ன வெங்காயம், ஒரு பச்சை மிளகாய், இரண்டு தேசிக்காய், உப்பு. இலையை வீட்டிலேயே ஓடும் தண்ணீரில் நாலைந்து தரம் அலசி, தண்ணீர் வடித்து, துணியில் சுற்றிக் கொண்டுபோங்கள். பச்சையாகச் சாப்பிடுவது, ஆகவே இதில் அவசரம் கூடாது. வகுப்பில் கத்தி கொடுக்க வேண்டாம். பிள்ளைகளிடம் இருக்கும் முனை மழுங்கிய கத்தரிக்கோலைச் சுடுநீரில் கழுவிக் கொடுத்தால் போதும். ஒரு பிளாஸ்டிக் கோப்பைக்குள் இலையைச் சுருட்டிப் போட்டு, கோப்பைக்குள்ளேயே கத்தரிக்கோலை விட்டு நறுக் நறுக்கென்று வெட்டினால் சிதறவும் சிதறாது, கை விரலும் தப்பும். அந்தச் சத்தத்துக்காகவே வேலை செய்யும் பிள்ளைகள் உண்டு. வெங்காயமும் மிளகாயும் நீங்கள் வெட்டிக் கொண்டுபோங்கள். மிளகாய்க் கையால் கண்ணைத் தேய்த்து அழுத பிள்ளையை நான் கழுவி விட்டிருக்கிறேன், ஒரு முறை போதும்.

பச்சை நிறம் கண்டாலே தட்டைத் தள்ளும் பையன் ஒருவன் என் குழுவில் இருந்தான். அவனுக்குத் தேசிக்காய் பிழியும் வேலை கொடுத்தேன். முதல் வாரம் நாக்கில் வைத்துவிட்டு ‘மிஸ், கைக்குது’ என்று டிசுவில் துப்பினான். துப்பலாம் என்பது என் வகுப்புச் சட்டம், அதை நீங்களும் வையுங்கள். துப்ப அனுமதி இருக்கும் இடத்தில்தான் பிள்ளை வாயைத் திறக்கும். இரண்டாம் முறை, கைக்கிறது என்பதற்காகத் தானே இன்னும் அரைத் தேசிக்காய் விட்டான். வகுப்பு முழுக்க முகம் சுளித்தது, அவன் மட்டும் மென்று விழுங்கினான். மூன்றாம் முறை ‘புளி நான்தான் விடுவன், வேறு ஒருவரும் தொடக்கூடாது’ என்று சண்டை. வீட்டில் அவன் அதற்குப் பிறகும் கீரை தொடவில்லை என்று தாய் சொன்னார். நான் அதைத் தோல்வியாக எடுக்கவில்லை, வெற்றி என்று பெருமைப்படவும் இல்லை.

சாப்பிடும்போது கேட்கும் கேள்வியும் முக்கியம். ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் ஆம், இல்லை என்று இரண்டு பதில்தான். ‘கைப்பு முதலில் வந்ததா, புளிப்பு முதலில் வந்ததா?’ என்று கேளுங்கள். சத்தம் போடுகிறதா, மெதுவாகக் கரைகிறதா, தொண்டையில் எரிகிறதா என்று கேளுங்கள். பிடிக்காத பிள்ளைக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். தமிழ்ப் பாடமும் அதிலேயே நடந்துவிடும்.

வல்லாரை என்றதும் தாய்மார் உங்களிடம் வந்து ‘ஞாபகசக்திக்கு நல்லது, புலமைப்பரிசில் சோதனை வருது’ என்பார்கள். பிள்ளைகளின் ஞாபகசக்தியை அது கூட்டும் என்று சொல்லப் போதிய சான்று இல்லை. கீரையை மருந்தாக்கி விற்க வேண்டாம், ருசியாக்கிக் கொடுப்போம். ஆனால் அந்தச் சம்பலில் தேங்காய்ப்பூவும் தேசிப்புளியும் சேர்வதில் நியாயம் இருக்கிறது. கீரையில் உள்ள கரோட்டின், கொஞ்சம் கொழுப்போடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும். அதில் உள்ள இரும்புச்சத்து லேசில் உறிஞ்சப்படுவதில்லை, விற்றமின் சி கூட இருந்தால் கொஞ்சம் சுலபமாகும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அதுவும் கெட்டுவிடும். தேத்தண்ணீரை ஒரு மணித்தியாலம் தள்ளி வையுங்கள் என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பினால் காசு செலவில்லாத நல்ல காரியம். அதேபோல் சோறும் பருப்பும் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும் புரதங்கள். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது, ‘உங்கள் அம்மம்மா சும்மா சேர்க்கவில்லை’ என்று சொல்வேன்.

பயறுக்கும் கடலைக்கும் அடுப்பு வேண்டாம், ஒரு ரைஸ் குக்கர் போதும். வகுப்பில் பிளக் ஒன்று இருந்தால் சரி. முளைவிட்ட பயறை மட்டும் பச்சையாகக் கொடுக்காதீர்கள். முளை விடும் ஈரச் சூடுதான் கிருமிக்கும் பிடிக்கும். நன்றாக ஆவியில் அவித்து, உப்பும் தேங்காய்ப்பூவும் தூவிக் கொடுங்கள். தேங்காய்ப்பூ விசயத்தில் நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம், காலை ஆறு மணிக்குத் துருவி டப்பாவில் அடைத்துக் கொண்டுபோய்ப் பதினொரு மணிக்குப் பரிமாறினேன். நம் ஊர் வெக்கை தெரியும்தானே. மணந்து பார்த்திருந்தால் புளித்தது தெரிந்திருக்கும், மணக்கவில்லை. மூன்று பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். அதிபரிடம் நின்ற நிற்பை இன்றும் மறக்கவில்லை. அதன் பிறகு தேங்காயை வகுப்பிலேயே உடைத்துத் துருவுவேன், துருவி ஒரு மணித்தியாலத்துக்குள் சாப்பிட்டு முடிய வேண்டும். அதுவே பிள்ளைகளுக்கு நல்ல வேடிக்கையும். இளம் பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் தேங்காய் உடைபடுவதைக் கோயிலில்தான் கண்டிருக்கிறார்கள்.

இனி சோடா. கடையில் விற்கும் பானங்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் இருப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். இது 2016இல் இலங்கையில் வந்த சட்டம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை. வெறும் போத்தல்களைக் கொண்டுவரச் சொல்லி, கணக்குப் பாடமாகவே நடத்துங்கள். 250 மில்லிலீற்றர் போத்தலில் சிவப்பு வட்டம் என்றால் குறைந்தது 27 கிராம். தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தால் கிட்டத்தட்ட ஏழு கரண்டி. ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் ஒவ்வொரு கரண்டியாக எண்ணிப் போடும்போது வகுப்பு அமைதியாகிவிடும். உலக சுகாதார அமைப்பு, சேர்க்கும் சீனியை வளர்ந்தவருக்கே ஒரு நாளுக்கு 50 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது, 25க்குள் என்றால் இன்னும் நல்லது என்கிறது. ஆனால் இந்தப் பயமுறுத்தலின் ஆயுள் ஒரு நாள்தான், நான் பார்த்தவரை. அதோடு இரண்டு எச்சரிக்கை. பச்சை வட்டம் என்றால் சீனி குறைவு என்று மட்டுமே பொருள். சீனிக்குப் பதில் வேறு இனிப்பூட்டி போட்டிருக்கலாம், பிள்ளையின் நாக்கு அதே இனிப்புக்குத்தான் பழகும். மற்றது, சோடாவைத் திட்டிவிட்டு வீட்டில் நாளுக்கு மூன்று கோப்பை தேத்தண்ணீரில் மூன்று மூன்று கரண்டி போடுவதை மறந்து விடக்கூடாது. கணக்கு அங்கேயும் அதே கணக்குத்தான்.

ரோல்ஸ் கதை வேறு. அதை ‘கெட்ட சாப்பாடு’ என்று பலகையில் எழுதாதீர்கள். கொழும்பில் தாயும் தகப்பனும் விடிய ஐந்தரைக்கு எழும்பி வேலைக்கு ஓடும் வீட்டில், ஏழரை மணிப் பாடசாலைக்கு ரோல்ஸ் காசு கொடுப்பதுதான் அந்தத் தாயால் முடிந்தது. நீங்கள் கெட்டது என்று சொன்னதைப் பிள்ளை வீட்டில் போய்ச் சொல்லும், தாய்க்கு அது தன்னைச் சொன்னதாகப் படும். பிறகு உங்கள் ஒரு கடிதத்துக்கும் பதில் வராது. சாப்பாட்டுப் பெட்டிகளை ஒப்பிட்டு ஸ்டார் ஒட்டுவது, ‘காலையில் என்ன சாப்பிட்டீங்க?’ என்று வரிசையாகக் கேட்பது, நிறை பார்த்து வாசிப்பது, மூன்றையும் கைவிட்டு விடுங்கள். 2022இல் கேஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் நான் அந்தக் காலைக் கேள்வியைக் கேட்டு, ஒரு பெண்பிள்ளை ‘இடியப்பமும் முட்டையும்’ என்று பொய் சொன்னதைக் கண்டேன். பொய் என்று எனக்கும் தெரியும், அவளுக்குப் பக்கத்தில் இருந்தவளுக்கும் தெரியும். சாமான் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வதும் அப்படியே. ஒரு பிள்ளை அவகாடோ கொண்டுவரும், ஒரு பிள்ளை வயிற்றுவலி என்று வராமல் நிற்கும். சாமானை நீங்களே வாங்குங்கள். இந்த மூன்று சாப்பாட்டுக்கும் பெரிய செலவு இல்லை, பழைய மாணவர் சங்கத்திடம் கேட்டாலும் தருவார்கள்.

சுற்றாடல் பகுதிக்கு மரம் நடுவோம் என்று தொடங்காதீர்கள். உங்களுக்கு நிலமும் இல்லை, இடையில் விடுமுறை வந்தால் தண்ணீர் ஊற்ற ஆளும் இல்லை. ஏப்ரல் விடுமுறைக்குள் காய்ந்துபோன தக்காளிச் சட்டிகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். சட்டியில் வேண்டுமென்றால் வெந்தயமோ முளைக்கீரையோ விதையுங்கள், மூன்று நாலு வாரத்தில் கிள்ளலாம். கங்குன் கீரைத் தண்டு குத்தினாலும் வரும். வெள்ளவத்தைக் கால்வாயோரம் தானாக வளர்ந்து நிற்கும் கங்குனை மட்டும் ‘இயற்கை’ என்று பறிக்க விடாதீர்கள். அது அந்தத் தண்ணீரில் உள்ள கழிவையெல்லாம் குடித்து வளர்ந்தது.

நகரத்துப் பிள்ளைக்குக் கிட்ட இருக்கும் சூழல் பாடம் குப்பைதான். ஒரு வாரம் இடைவேளை மிச்சங்களை ஒரு வாளியில் போட்டு, கடையில் நிறுத்துத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் எத்தனை கிராம் என்று பலகையில் எழுதுங்கள். யார் போட்டது என்று கேட்க வேண்டாம். பிறகு இரண்டு போத்தல் வையுங்கள். ஒன்றில் ஈரச் சோறும் தோலும் மட்டும், மூடியைச் சும்மா மேலே வைத்து. இறுக்கிப் பூட்டினால் காற்று அடைத்து வெடிக்கும். மற்றதில் தோலோடு இரண்டு பங்கு காய்ந்த இலை, பக்கத்தில் ஓட்டைகள். இரண்டு வாரத்தில் முதலாவதைத் திறந்தால் வகுப்பே ஓடும், இரண்டாவது மழை பெய்த மண் மணக்கும். காற்றுப் போகாத இடத்தில் சாப்பாடு அழுகி நாறும், காற்றுப் போனால் கூட்டெரு ஆகும் என்பதைப் பிள்ளைகள் மூக்காலேயே படித்துவிடுவார்கள். கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டன்று சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததைப் பெரிய வகுப்பென்றால் சொல்வேன். தரம் 4இல் சொல்வதானால் அந்த மேடு இருந்த கொலன்னாவைப் பக்கத்துப் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுங்கள். அந்த வருடம் செப்டெம்பரில்தான் சோறு சுற்றும் பொலித்தீன் லஞ்ச் ஷீட்டுக்குத் தடை வந்தது. பிள்ளைகளின் பைக்குள் இன்றைக்கும் சுற்றி வருவது என்ன என்று அவர்களையே தடவிப் பார்க்கச் சொல்லலாம்.

இந்தத் தலைப்பில் சுற்றும் சில நம்பிக்கைகளில் எனக்குச் சந்தேகம் உண்டு. ‘தூரத்திலிருந்து வரும் சாப்பாடு எல்லாம் சூழலுக்குக் கேடு’ என்று பாடப் புத்தகப் பாணியில் சொல்வார்கள். நம் மைசூர்ப் பருப்பு பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்து கப்பலில் வருகிறது. கப்பல் பயணத்தின் பங்கு சிறியது. எதைச் சாப்பிடுகிறோம், எவ்வளவு கொட்டுகிறோம் என்பதுதான் பெரிய கணக்கு. ஆகவே பருப்பைக் குற்றவாளி ஆக்க வேண்டாம். நுவரெலியா லீக்ஸும் கரட்டும் சாக்கில் அமுக்கி அடைத்து லொறியில் வந்து நசுங்கி, பேலியகொடை மொத்தச் சந்தையில் ஒரு பங்கு கொட்டப்படுவதைப் பேசினால் அதில் பொருள் இருக்கிறது. ‘சேதனப் பசளையில் விளைந்தது கூடச் சத்து’ என்பதும் நிரூபணமான ஒன்றல்ல. 2021இல் இரசாயனப் பசளைக்கு ஒரேயடியாகத் தடை போட்டு அதே வருடமே திரும்பப் பெற்ற நாட்டில், அதை ஒரு வரிச் சுலோகமாகப் பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்கு மனம் வராது.

யப்பானில் 2005இல் உணவுக் கல்விக்கென்றே சட்டம் போட்டார்கள், அங்கே பிள்ளைகளே வெள்ளைத் தொப்பி போட்டு வகுப்பில் பரிமாறித் துடைக்கிறார்கள் என்று யாராவது உங்களுக்கு வீடியோ அனுப்புவார்கள். அனுப்பினால் மனம் தளர வேண்டாம். அங்கே அது ஒவ்வொரு நாளும் நடக்கிறது, உங்களுக்கு இருப்பது வாரம் ஒரு பாடவேளை. அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுக்கலாம்: பரிமாறுவதையும் துடைப்பதையும் முறை வைத்துப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஆண்பிள்ளைகளுக்கும் துடைக்கும் முறை வர வேண்டும். முதல் வாரம் ஒரு தகப்பன் வந்து கேட்பார், சிரித்துக்கொண்டே அனுப்பி விடுங்கள்.

தொடங்குவதற்கு முன், பெற்றோருக்கு ஒரு சின்னத் துண்டு அனுப்பி அலர்ஜி மட்டும் கேளுங்கள். கச்சான், எள்ளு, பால் என்று எழுதி வரும் பெயர்களை மேசையில் ஒட்டி வையுங்கள். பாடம் புதன்கிழமை என்றால் ஞாயிறு இரவே அரைக் கிலோ பயறை ஊறப்போட்டு, திங்கள் காலையில் வடித்து ஈரத்துணியில் கட்டிவிடுங்கள். கட்டு ஒன்றை வகுப்பு யன்னலில் தொங்கவிட்டு, தண்ணீர் தெளிக்க இரண்டு பேரை நியமியுங்கள். செவ்வாய் இடைவேளையிலேயே துணியைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, ‘மிஸ், வால் முளைச்சிட்டு’ என்று ஓடி வருவார்கள்.